எதிர்த்திசையில் இரண்டு மணி நேரம்

ஒரு கேள்வி, அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். ஒருவர் ஆற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார். ஆறும் போகிறது. கரையில் நிற்கும் உங்களுக்குத் தெரிவது படகு நகர்வது மட்டும்தான். அந்த நகர்வில் அவருடையது எவ்வளவு, ஆற்றினுடையது எவ்வளவு? அவரும் கையை நிறுத்த மாட்டார், ஆறும் நிற்காது. பிரித்துச் சொல்ல முடியுமா? சங்கவிக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அவளுடைய அப்பா மாதையன் பரிசல் ஓட்டுகிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோள்பட்டையைப் பிடித்துவிடச் சொல்லும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்தே இதைத்தான் கேட்பாள். "ஆறு தள்ளிக்கிட்டு வருது, நீங்க உக்காந்துக்கிட்டு வர்றீங்க. இதுல தோள்வலி எங்கருந்து வந்துச்சு?" அப்பா அசையாமல் சொல்வார், "சரி, சோத்தையும் ஆத்துக்கே போட்ரு." அம்மா சிரித்துவிடுவாள், தட்டு வந்துவிடும், கேள்வி அப்படியே நின்றுவிடும். அந்தக் கேள்வி இப்போது டவுன் பள்ளிக்கூடத்துப் பரீட்சை அறையில், அச்சடித்த தாளில், பதினாறாவதாக, கடைசியாக, சங்கவியின் முன்னால் கிடக்கிறது. ஒரு படகு 12 கி.மீ. தூரத்தை நீரோட்டத்தின் திசையில் 3 மணி நேரத்திலும், நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் 2 மணி நேரத்திலும் கடக்கிறது எனில், நிலையான நீரில் படகின் வேகத்தையும் நீரோட்டத்தின் வேகத்தையும் காண்க. ஐந்து மதிப்பெண். மற்ற பதினைந்தும் முடிந்துவிட்டன. யாரோ அம்மாவின் கேள்வியை எடுத்து, அதற்குக் கி.மீ. எல்லாம் சேர்த்து, விடையே இருக்கிறது என்பதுபோலக் 'காண்க' என்று முடித்திருக்கிறார்கள். அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா விடை கிடைக்கும் என்று நினைத்து ஒருநாளும் கேட்டதில்லை.

x என்று எழுதினாள். x அப்பா. y என்று எழுதினாள். y ஆறு. தண்ணீரோடு போகும்போது இரண்டும் ஒரே பக்கம், அதனால் x கூட்டல் y. பன்னிரண்டை மூன்று மணி நேரத்தில் என்றால் மணிக்கு நாலு. எதிரில் வரும்போது அப்பா இழுப்பார், ஆறு பிடித்துக்கொள்ளும், அதனால் x கழித்தல் y. பன்னிரண்டை இரண்டு மணி நேரத்தில் என்றால் மணிக்கு ஆறு கிலோமீட்டர். ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினாள். இனிக் கூட்ட வேண்டியதுதான். கூட்டும் இடம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும், ஆனால் இதற்கு முன்னால் x என்பது பேனா விலையாகவோ யாரோ ஒருவரின் வயதாகவோதான் இருந்திருக்கிறது. இன்றைக்கு முதல் தடவையாகத் தெரிந்த ஆளாக இருந்தது. போகும்போது தள்ளிய ஆறும் வரும்போது பிடித்துக்கொண்ட ஆறும் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று துடைத்துவிட்டுப் போயின. மிச்சம் இரண்டு x, அதாவது இரண்டு அப்பா, பத்து. ஒரு அப்பா ஐந்து. அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு அந்த ஐந்தைப் பார்த்தாள். ஆறே இல்லாத இடத்தில் அப்பா மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அப்படியோர் இடம் உண்டா என்றால், உண்டு. அவர்களுடைய ஊர் காவிரி அணைக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீர் இறங்கிய மாதங்களில் அங்கே ஆறு கல்லுக்குள் புகுந்து சத்தம் போட்டுக்கொண்டு ஓடும், இரண்டு பக்கமும் அணைக்குள்ளேயே கம்பும் எள்ளும் விதைத்திருப்பார்கள். அணை நிரம்பினால் கம்புக்காடு எல்லாம் உள்ளே போய், ஆறு சத்தத்தை நிறுத்தி, தட்டில் ஊற்றிவைத்ததுபோல நின்றுவிடும். அப்போதுதான் அப்பாவுக்கு வியர்க்கும். "இப்ப தள்ளச் சொல்லு உன் ஆத்த" என்று கரையில் துணி துவைக்கும் அம்மாவைப் பார்த்துக் கத்துவார். நிலையான நீர் என்று பாடப்புத்தகம் எழுதுவது அதைத்தான் போலிருக்கிறது. இத்தனை நாள் அவள் அது வாளித் தண்ணீர் என்று நினைத்திருந்தாள். ஆக அம்மாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. இந்த x-ஐ முதல் சமன்பாட்டில் போட்டால் ஆறும் கிடைத்துவிடும். ஐந்து கூட்டல் y சமம் நாலு. y சமம், அவள் கை எழுதிவிட்டு நின்றது, மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒன்றா. மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பெஞ்சில் யாரோ காம்பஸ் முனையால் பிரகாஷ் என்று செதுக்கியிருந்தார்கள், அந்தப் பள்ளத்தின் மேல் தாள் வரும்போது பேனா குத்துகிறது, அதனால் ஒரு கோடு தவறி மைனஸ் மாதிரி விழுந்திருக்குமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இல்லை, அவள்தான் போட்டது. திரும்பப் போட்டாள். இந்தத் தடவை கூட்டாமல் கழித்துப் பார்த்தாள். இரண்டு y சமம் மைனஸ் இரண்டு. எந்த வழியில் போனாலும் அதே ஆள் கதவைத் திறக்கிறான். அவளுக்குக் கணக்கு எடுக்கும் சம்பத் சார் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று, விடை வந்ததும் கேள்விக்குள் போட்டுப் பார், பொருந்தினால் சரி, யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. இரண்டு, வயது மைனஸில் வராது, ஆட்டின் எண்ணிக்கை மைனஸில் வராது, வேகம் மைனஸில் வராது. வந்தால் நீ எங்கேயோ தூங்கியிருக்கிறாய், முகத்தைக் கழுவிவிட்டு வா. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார், இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும் என்று சொல்லவில்லை. அவள் போட்டுப் பார்த்தாள். ஐந்தில் ஒன்று போனால் நாலு, மணிக்கு நாலு என்று பன்னிரண்டு கிலோமீட்டர் போக மூன்று மணி நேரம், பொருந்துகிறது. ஐந்திலிருந்து மைனஸ் ஒன்றைக் கழித்தால் ஆறு, பன்னிரண்டுக்கு இரண்டு மணி நேரம், பொருந்துகிறது. மைனஸை எடுத்துவிட்டு வெறும் ஒன்றைப் போட்டால் போகும்போது வேகம் ஆறு, வரும்போது நாலு, தாளில் இருப்பதற்கு நேர் தலைகீழ். தலைகீழ் என்று நினைத்த பிறகுதான் கேள்வியை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தாள். தண்ணீரோடு போக மூன்று மணி நேரம். எதிர்த்து வர இரண்டு மணி நேரம். எந்த ஊரில் எதிர்த்து வருவது சீக்கிரம்?

அதே நேரத்தில் முன் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். டவுன் பெண், ஜிப் வைத்த பையில் ஏழெட்டுப் பேனா வைத்திருந்தாள், காலையில் ஸ்கேல் இல்லையென்றால் தன்னுடையதை எடுத்துக்கொள்ளும்படி சங்கவியிடம் அவளாகவே சொன்னாள். "மிஸ், பதினாறாவது தப்பா இருக்கு மிஸ். ரெண்டும் மூணும் மாறிப்போச்சு." மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, திருப்பிக் கொடுத்தார். "நான் தமிழ் டீச்சர்மா. எங்கிட்ட எதுகை மோனை கேளு, சொல்றேன். படகெல்லாம் எனக்குத் தெரியாது. இருக்கறத வச்சு எழுது." "இருக்கறத வச்சு எழுதினா ஆறு மைனஸ்ல போவுது மிஸ்." அறை முழுவதும் சிரித்தது. "போனா போவட்டும், நீ உக்காரு" என்றார் டீச்சர், அவரும் சிரித்துக்கொண்டுதான். அந்தப் பெண் உட்கார்ந்து, யாருக்கென்று இல்லாமல், "நான் மாத்திப் போட்டு ஒன்னுன்னு எழுதிட்டேன் பா, அவங்க தப்புக்கு நாம என்ன பண்றது" என்று முணுமுணுத்தாள். பெஞ்சுகளில் கிறுக்கும் சத்தம் ஒரே மாதிரி எழுந்தது. எல்லோரும் மாற்றிப் போடுகிறார்கள். சங்கவி கேள்வியை இன்னொரு தடவை பார்த்தாள். விஷயம் இவ்வளவுதானா, அச்சில் மாறிப்போய்விட்டது, கேள்வி போட்டவர் நல்லபடியாகத்தான் போட்டிருப்பார், அவரிடம் இருக்கும் விடைக்குறிப்பில் ஐந்து, ஒன்று என்றுதான் இருக்கும். திருத்துகிறவர் எங்கேயோ ஓர் அறையில் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு, ஐந்து இருக்கிறதா, ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து சிவப்பு மையில் ஒரு கீறல் போட்டுக்கொண்டே போவார். மைனஸைக் கண்டால் பேனா எந்தப் பக்கம் கீறும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இந்தப் பரீட்சையை வைத்து ஓர் ஒன்றியத்துக்கு இரண்டு பேரைத்தான் உண்டு உறைவிடப் பள்ளிக்கு, தங்கிப் படிக்க, எடுக்கிறார்கள். போன வருஷம் மேலத்தெரு வளர்மதிக்கு ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. இங்கே ஐந்து மதிப்பெண் ஒரு சின்னக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அவளுடைய ஊர்ப் பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாவது அக்கரையில். கூடப்பிறந்த ரேவதி அக்காவும் அக்கரைக்குத்தான் போனாள், ஆடியில் மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள், பரிசல் போகக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள், தண்ணீர் வடிந்து அக்கா திரும்பப் போனபோது வகுப்பு எங்கேயோ போயிருந்தது. மறு வருஷமும் அதேதான். அதற்கு அடுத்த வருஷம் அவள் நூல் மில்லில் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள், தீபாவளிக்கு வரும்போது இருமிக்கொண்டே சிரிக்கிறாள். "படிச்சிக்கடி, நான் வேணும்னா உனக்கும் சேத்து நூல் நூக்கறேன்." இந்தப் பரீட்சை தவறினால் மில் ஏஜெண்டு வருவார் என்று யாரும் சங்கவியிடம் சொல்லவில்லை, போன வாரம் அவர் வந்து மோர் குடித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஆகவே ஒன்று என்று எழுதிவிடலாம். எழுதப் போனாள். மைனஸின் மேல் பேனாவை வைத்து அடிக்கப் போனபோது, வேறொன்று வந்து குறுக்கே நின்றது. எதிர்த்திசையில் அப்பா எப்படி வருவார்? பரிசல் அவ்வளவு தூரம் எதிரில் ஏறாது. சுற்றும், பக்கவாட்டில் போகும், நின்ற இடத்திலேயே நாற்காலிபோல உட்கார்ந்துகொள்ளும். அதனால் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்கள் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடந்துதான் வருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த பெரிய காளான் நடந்து வருவது மாதிரி இருக்கும். அப்படியென்றால் எதிர்த்திசையில் இரண்டு மணி நேரம் என்பது நடந்த நேரமோ? அச்சில் தப்பே இல்லையோ? ஆனால் மணிக்கு ஆறு கிலோமீட்டர், தலையில் பரிசலோடு? அப்பா பாறைக்குப் பாறை இறக்கிவைத்து பீடி பற்றவைக்கிற ஆள். வெறுங்கையோடு சந்தைக்கு ஓடுகிறவர்கூட அந்த வேகம் போக மாட்டார். தவிர, கரையில் நடந்தால் ஆறு எப்படிப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது சமன்பாட்டில் y-க்கு வேலையே இல்லையே. இல்லை. இது அது இல்லை. அவள் கொஞ்சம் வருத்தத்தோடு அந்தக் காளானைப் போகவிட்டாள்.

போகவிட்ட பிறகும் மைனஸை அடிக்கக் கை வரவில்லை. பயம் ஒரு பக்கம் இருக்க, அதற்கு அடியில் அரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. மணிக்கு மைனஸ் ஒரு கிலோமீட்டர் ஓடுகிற ஆறு எப்படி இருக்கும்? மெதுவான ஆறு என்றால் அரை, கால் என்று வரும். நின்ற ஆறு என்றால் பூஜ்யம், அது அணை நிரம்பிய நாள். அந்தப் பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே போனால்? கீழே என்றால் எங்கே? சமையற்கூடத்திலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது, கருகின வெந்தயம், அம்மாவும் ஒருநாள் இப்படித்தான் கருக்கினாள், அன்றைக்கு வீட்டில் எல்லோரும் வெளியே ஓடியதால் அடுப்பில் போட்டது அப்படியே கருகிப்போயிற்று. எதற்காக ஓடினோம்? ஓடைக்கு. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி ஆற்றில் சேர்கிறது. அன்றைக்கு அணை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. சங்கவி ஓடையில் கால் கழுவும்போது இடது செருப்பு நழுவிப் போயிற்று. ஆற்றில் சேர்வதற்குள் பிடித்துவிடலாம் என்று அவள் கீழ்ப்பக்கமாக ஓடினாள், கரையெல்லாம் தேடினாள், காணோம். பின்னாலிருந்து ரேவதி அக்கா கத்தினாள், "ஏய் லூசு, இங்க பாருடி, உஞ்செருப்பு மலைக்குப் போவுது!" நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. நீல வார் செருப்பு, நுரைக்கும் சருகுக்கும் நடுவில், நிதானமாக, மேல்நோக்கி. அணைத் தண்ணீர் இடம் போதாமல் ஓடைக்குள் நுழைந்து, ஓடையைத் திருப்பிக்கொண்டு போயிற்று. ஊரே வந்து பார்த்தது. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சனியன் புடிச்ச ஓடை, வந்த வழிய மறந்துருச்சு" என்றாள். அப்பா பரிசலை ஓடைக்குள் விட்டார், வளைவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஆடுகளைக் கொண்டுவர. மேலே போகும்போது விசுக்கென்று போனார். ஆடுகளோடு கீழே வரும்போது நாக்குத் தள்ளிவிட்டது. வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓடைக்கு எதிர்ல போறப்ப சுளுவா போச்சு, ஓடையோட வர்றப்பதான் கையே போச்சு" என்றார். ஓடையோடு வருவது. அவர் அப்படித்தான் சொன்னார். தண்ணீர் அன்றைக்கு எந்தப் பக்கம் போனால் என்ன, ஊர்க்காரர்களுக்கு மலைப்பக்கம் என்றால் எதிர், ஆற்றுப்பக்கம் என்றால் ஓடையோடு. பெயர் பழையபடியே இருந்தது, தண்ணீர்தான் திரும்பியிருந்தது.

சங்கவி மைனஸின் மேலிருந்து பேனாவை எடுத்தாள். அன்றைக்கு அப்பா கணக்குப் போட்டிருந்தால் அவருக்கும் மைனஸ்தான் வந்திருக்கும். ஓடையோடு மூன்று, எதிரில் இரண்டு. மைனஸ் ஒன்று என்பது ஆறு ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆறு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது, நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பக்கம் இல்லை, அந்தப் பக்கம், என்று சொல்கிறது. யாரும் அதனிடம் பக்கத்தைக் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டார்கள். அதுவாகவே பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. இவ்வளவு சின்னக் கோடு, அதற்கு எப்படித் தெரிந்தது? கேள்வி போட்டவருக்குத் தெரியாதது, அச்சடித்தவருக்குத் தெரியாதது, வெறும் கூட்டலும் கழித்தலும் செய்ததில் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது? வெளியே ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சம்பத் சாரிடம் சொன்னால் முகத்தைக் கழுவச் சொல்வார், பிறகு கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, அந்த ஓடை எங்கே இருக்கிறது என்று கேட்பார். ஆனால் திருத்துகிறவர் சம்பத் சார் இல்லை. அவருக்கு ஓடை தெரியாது, செருப்பு தெரியாது, கட்டில் இன்னும் எத்தனை தாள் என்பதுதான் தெரியும். ஐந்து, ஒன்று. அவ்வளவுதான் வேண்டும். ஒன்று என்று எழுதினால் தாளில் இருக்கும் கேள்விக்கு அது தப்பு. திருத்துகிறவரிடம் இருக்கும் கேள்விக்குச் சரி. மைனஸ் ஒன்று என்றால் நேர்மாறு. நான் எந்தக் கேள்விக்கு விடை எழுத வந்தேன்? அக்கா இருந்தால் தலையில் குட்டி, "மொதல்ல அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள போய்ச் சேருடி, அப்புறம் ஓடையத் திருப்பு" என்பாள். அது நியாயம்தான். ஓரத்தில் ஒரு வரி விளக்கம் எழுதலாமா, ஓடை இப்படித் திரும்பியது என்று? விடைக்குக் கீழே கதை எழுதினால் மதிப்பெண் இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. இரண்டையும் எழுதி நடுவில் 'அல்லது' போட்டால்? ஓர் ஆறு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஓடாது. மணி அடித்தது. டீச்சர் முதல் வரிசையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். "எழுதினது போதும், நூலக் கட்டிக் குடுங்க. ஏம்மா, நீ என்ன இன்னும் பாத்துக்கிட்டே இருக்க?" "ஒரு நிமிஷம் மிஸ்." "அரை நிமிஷம்."

சங்கவி விடை என்று எழுதி அடிக்கோடிட்டாள். நிலையான நீரில் படகின் வேகம் மணிக்கு 5 கி.மீ. நீரோட்டத்தின் வேகம் மணிக்கு −1 கி.மீ. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.